மருந்துப் பாலை எங்கே ஊற்றுவது

உங்களில் பாதிப் பேராவது என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாட்டுக்கு ஒரு ஊசி போடப் போனால் அரைமணி நேரம் வம்பளந்துவிட்டு வருகிற டாக்டரம்மா என்று. உண்மைதான். திருக்காட்டுப்பள்ளியில் தொடங்கித் திருவாரூர் வரைக்கும் எத்தனையோ கால்நடை மருந்தகங்களில் அப்படித்தான் காலத்தை ஓட்டினேன். என் கம்பவுண்டர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கொட்டாவி விடுவார். போகலாமா அம்மா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டுவிடுவார்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று, கால்நடை மருத்துவம் படிக்கிற நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாடம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் படித்த காலத்தில் அது புத்தகத்தின் கடைசி அத்தியாயம். பரீட்சைக்கு வராது என்று தள்ளிவிடுவோம். அதனால் பாடத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பெண்கன்று, ஒன்றரை மாதம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருவாரூர் பக்கம் ஒரு ஊரில் எனக்கு வேலை. அந்த ஊரில் தெருவுக்கு நாலைந்து வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். சபுராளி என்று அவர்களைச் சொல்வார்கள், பயணம் போனவர் என்று பொருள். வயலுக்கு டிராக்டர் வந்து உழவு மாடுகள் காணாமல்போக, அதே கொட்டில்களில் ஜெர்சி கலப்பினப் பசுக்கள் வந்து நின்றன. நாற்று நடுவதற்கு ஆள் கிடைக்காத ஊரில் பால் கறக்கப் பெண்கள் இருந்தார்கள். காலையிலும் மாலையிலும் பால் சொசைட்டி வாசலில் தூக்குவாளிகளோடு நிற்பார்கள்.

அவர்களில் ஒருத்தி ஜமீலா. முப்பது வயது இருக்கும். கணவர் ஹாஜா சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஜமீலாவிடம் இரண்டு பசுக்கள். பிறக்கிற பெண்கன்றுகளை வளர்த்து நாலைந்து கறவைகளாக ஆக்கிவிட்டால் ஹாஜா திரும்பிப் போக வேண்டியதில்லை, இங்கேயே பால் வியாபாரம் பார்க்கலாம் என்பது இருவரும் போட்டிருந்த திட்டம். பசுவுக்குச் சினை பிடித்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே இதைச் சொன்னாள். தோள்வரை மாட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிற ஒருத்தியிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று பெண்களுக்குத் தோன்றும் போலிருக்கிறது. எனக்குக் கிடைத்த ரகசியங்களில் பாதி அந்த நிலையில் கிடைத்தவைதான்.

ஆனால் அந்த வீட்டில் கன்றுகள் தங்கவில்லை. முதலில் ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று, இரண்டும் பெண்கன்றுகள், இரண்டும் கழிச்சல் கண்டு செத்தன. வழக்கமாகக் கேட்கிற மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. கொட்டில் ராசியில்லை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. மூன்றாவதாகப் பிறந்ததுதான் இந்த வெள்ளைச் சுட்டி. அதற்கும் கழிச்சல் என்று ஆள் வந்து சொன்னதும் பையை நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் ஹாஜா விடுமுறையில் வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு கொட்டில் வாசலில் நின்றார். கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜமீலா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கன்று கட்டுகிற இரண்டு வெற்று முளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கன்றுகள் செத்ததை அவள் கணவரிடம் சொல்லவேயில்லை. ஒவ்வொரு முறையும் போனில், எல்லாம் நன்றாக வளர்கிறது என்றே சொல்லியிருக்கிறாள். தொழுவம் நிறைந்திருக்கும், இனி சவூதிக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் வந்து இறங்கியிருக்கிறார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மூணு கன்னு இருக்குன்னு இவ சொன்னா, டாக்டரம்மா. வந்து பாத்தா ஒண்ணு. அதுவும் இப்படிக் கெடக்கு. இதுவும் போச்சுன்னா மாட்டை வித்துட்டு நான் பிளேன் ஏறிடுவேன். இனிமே எதையும் நம்பி லீவு போட்டு வரமாட்டேன்.”

ஜமீலா தலை நிமிரவில்லை. அவள் வடித்த கண்ணீர் கன்றின் காதில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் இரக்கமும் கோபமும் சேர்ந்தே வந்தன. இரண்டு கன்றுகள் செத்த துக்கத்தை இவள் தனியாக வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் போனில் பேசியிருக்கிறாளே என்று.

அன்றைக்கு ஆன்டிபயாடிக் எதுவும் நான் கொடுக்கவில்லை. போன இரண்டு முறையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் சமையல் சோடாவும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னேன். சாணத்தில் கொஞ்சம் எடுத்துத் தஞ்சாவூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தேன். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று அங்கே வளர்த்துப் பார்ப்பார்கள்.

அந்த ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். எனக்கு நேர் எதிர். நாலு வார்த்தை பேசினால் அதிகம். மூன்றாம் நாள் முடிவு கேட்டு நான் போன் செய்தபோது, கிருமி வளர்த்த தட்டில் வைத்துப் பார்த்த மருந்துகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கிருமி அடங்குகிறது என்றார். அது மனிதர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து. சரி, நன்றி என்று நான் வைக்கப்போனேன். அவர் வைக்கவில்லை.

“இந்தக் கன்னுக்கு இதுவரைக்கும் என்னென்ன ஊசி போட்டீங்க?”

ஒன்றும் போடவில்லை, பிறந்ததிலிருந்து இதுதான் முதல் சீக்கு என்றேன்.

“அப்ப இத்தனை மருந்தை அது எங்க பாத்துச்சு?”

அவ்வளவுதான் கேட்டார், போனை வைத்துவிட்டார். என் பணிக்காலத்தில் யாரும் என்னிடம் கேட்ட கேள்விகளில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஊசியே படாத ஒன்றரை மாதக் கன்றின் வயிற்றில் இருக்கிற கிருமி, ஊர்ப்பட்ட மருந்துகளையும் பார்த்துப் பழகினது போல நடந்துகொள்கிறது. அதிலும் ஒரு மருந்து, நாங்கள் கன்றுகளுக்குக் கொடுப்பதே கிடையாது. மடிநோய் வந்த பசுவின் காம்புக்குள் ட்யூபால் ஏற்றுவது. அது எப்படி இந்த வயிற்றுக்குள் போனது? ஜமீலா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு இதே யோசனை. கம்பவுண்டர் ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னதாக அப்புறம் குறைபட்டுக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தால் கன்று இன்னும் சோர்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. ஹாஜா திருவாரூருக்குப் போய் மெடிக்கல் கடையில் ஒரு ஊசி மருந்து வாங்கி வந்து தயாராக வைத்திருந்தார். இருப்பதிலேயே பவரானது எது என்று கேட்டு வாங்கினாராம். வேடிக்கை என்னவென்றால், ஆய்வகத்தில் கிருமி அடங்கிய அந்த ஒரே மருந்தேதான் அது. இதைப் போடுங்கள் என்று என் கையில் கொடுத்தார்.

நான் அதைப் பையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஊசி போடாமல் உட்காருகிற டாக்டரை ஒரு ஊரும் மதிக்காது என்பது உங்களுக்கும் போகப் போகத் தெரியும். கன்றுக்குக் காய்ச்சல் பார்த்தேன், இல்லை. வாயில் விரலை வைத்தேன், சப்பியது. கழுத்தில் சலைன் ஏற்றத் தொடங்கிவிட்டு ஜமீலாவைக் கேட்டேன்.

“இது பொறந்த நாள்லேருந்து என்னென்ன குடிச்சுதுன்னு சொல்லும்மா. தப்பு கண்டுபிடிக்க வரல. எனக்கே ஒரு விஷயம் புரியல, அதான் கேக்குறேன்.”

மருந்துப் பால், அதாவது மருந்து ஏற்றிய பசுவின் பால் கொடுத்தாயா என்று நான் கேட்கவில்லை, கவனியுங்கள். அப்படிக் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாள். கணவர் பக்கத்தில் நிற்கிறார், ஏற்கெனவே ஒரு பொய் வெளியாகிவிட்ட வீடு. நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னால் மனிதர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சீம்பால். அப்புறம் கறப்பதற்கு முன்னால் மடி சுரக்கக் கொஞ்சம், கறந்த பிறகு காம்பில் மிச்சமிருப்பது. விற்கிற பால் ஆயிற்றே, கன்றுக்கு எவ்வளவு விட முடியும்? பிறகு, நான் கேட்காமலே, அவள் முகம் லேசாக மலர்ந்தது.

“ஒரு வாரம் மட்டும் வயிறு முட்டக் குடிச்சுது டாக்டரம்மா. பளபளன்னு ஆயிடுச்சு.”

எப்போது என்று கேட்டேன். மூத்த பசுவுக்கு மடிநோய் வந்து நான் காம்புக்கு ட்யூப் மருந்து ஏற்றிய வாரம்.

“பாலை சொசைட்டிக்கு ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கொட்டினா பரக்கத்து போயிடும். இது பசியில கத்திக்கிட்டே நிக்கும். இந்த ஒரு வாரமாவது நல்லாக் குடிக்கட்டும்னு வாளியோட வச்சேன். முன்னாடி ரெண்டுக்கும் அப்படித்தான் செஞ்சேன்.”

பரக்கத்து என்றால் வீட்டில் தங்குகிற அருள், வளம். அதைக் காப்பாற்றப் போய், நோய்க்கிருமியும் மருந்தும் கலந்த பாலை வாளி வாளியாகக் கன்றின் வயிற்றுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த வயிற்றில் சாகிற கிருமிகளெல்லாம் செத்து, எதற்கும் சாகாதவை மட்டும் தங்கிப் பெருகியிருக்கின்றன.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. மருந்துப் பாலை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள் என்று நாங்கள் எல்லா வீடுகளிலும்தான் சொன்னோம். பலர் தலையாட்டிவிட்டு மறுநாளே நல்ல பாலோடு கலந்து ஊற்றினார்கள். அது ஊரார் வயிற்றுக்குப் போயிற்று, அவர்கள் வீட்டுக் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. சொன்ன சொல்லை மீறாத ஒருத்தி வீட்டில்தான் கன்றுகள் செத்தன.

ஹாஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மெதுவாகக் கேட்டார்.

“அப்ப செத்துப்போன ரெண்டும்? இவ கொடுத்த பாலாலயா?”

ஜமீலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் இந்த வீட்டில் அவள் வாழ்நாள் முழுக்க அந்தப் பழியைச் சுமப்பாள், இனி எந்த டாக்டரிடமும் வாய் திறக்க மாட்டாள். இல்லை என்று சொன்னால் அது பொய், அடுத்த கன்றும் சாகும். யோசிக்கக் கிடைத்தது சலைன் நாலு சொட்டு விழுகிற நேரம்.

“பாய், அந்தப் பாலாலதான் இருக்கணும். ஆனா சொசைட்டிக்கு ஊத்தாதீங்கன்னு மட்டும்தான் நாங்க சொன்னோம். எங்க ஊத்தணும்னு யாரும் சொல்லல. கன்னுக்கு ஆகாதுன்னும் சொல்லல. சொன்னதை அப்படியே கேட்டவங்க இவங்க ஒருத்தர்தான். இப்ப இவங்க நேராச் சொல்லலேன்னா நானும் தெரியாமயே இன்னொரு கன்னைச் சாகவிட்டிருப்பேன்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜமீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கன்றின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சட்டை நாசமாகிவிட்டது. பிறகு, அந்த ஊசியை ஏன் போடவில்லை என்றார். கன்று வாடுவது உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதால், காய்ச்சல் இருந்தால் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று நானே போட்டிருப்பேன் என்றேன். இருக்கிற இந்த ஒரு மருந்துக்கும் இந்தக் கிருமி பழகிவிட்டால், கன்றைத் தொட்ட கையோடு அது இந்த வீட்டுக்குள்ளும் வரலாம், நாளைக்கு இந்தத் தெருப் பிள்ளை ஒன்றுக்கு ஆஸ்பத்திரியில் இதே மருந்து தேவைப்படலாம் என்றும் சொன்னேன். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் உடம்பு சுட்டால் வந்து போடுகிறேன் என்றேன். வாய் தைரியமாகப் பேசியதே தவிர எனக்குப் பயம்தான். கன்று செத்துப்போனால் ஊசியைப் பையில் வைத்துக்கொண்டே சாகவிட்ட டாக்டர் என்பார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது.

இன்னொரு வேலை பாக்கியிருந்தது. மூத்த பசுவுக்கு மடி முழுதாகக் குணமாகவில்லை, மேலும் சில நாள் மருந்து ஏற்ற வேண்டும். அந்தப் பாலைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டச் சொன்னேன். ஜமீலா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நாம் எல்லோரும் வீடு திரும்புகிறோம். இந்த முறை நான் நம்பவில்லை.

“தலையாட்டிட்ட. உன்னால முடியுமா?”

அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள், முடியாது என்று. கொல்லைச் சுவர் இடுப்பு உயரம். அடுத்த வீட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். புருஷன் சவூதியில் இருக்கிற வீட்டுக்காரி பாலை மண்ணில் கொட்டினால் என்ன பேசுவார்கள்? பணத் திமிர் என்பார்கள். அடுத்த தெருவில் பால் வாங்க வழியில்லாத வீடுகள் இருக்கின்றன. அதைவிட, பாலைக் கொட்ட அவளுக்கே கை வராது. கிருமி, மருந்து என்று நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இந்த இரண்டும் தீர்ந்திருக்காது. அவளுக்கு விளங்காமல் இல்லை. விளங்கின பிறகும் செய்ய முடியாத இடத்தில் அவள் இருந்தாள். நான் கேட்டிராவிட்டால் எனக்கு அது தெரிந்திருக்காது.

என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டேன். எனக்கு நிஜமாகவே வழி தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தவள், அது பால் மாதிரியே இல்லாமல்போனால் கொட்டலாமா என்று கேட்டாள். எனக்குப் புரிவதற்குள் எழுந்து உள்ளே போய், வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கொண்டுவந்தாள். காலையில் மூத்த பசுவிடம் கறந்துவைத்த வாளியில் நாலு சொட்டு விட்டுக் குச்சியால் கலக்கினாள். பால் நீலமாயிற்று. ஹாஜா அதைப் பார்த்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். என் சட்டைக்கு வைத்திருந்ததை மாட்டுக்குப் போட்டுவிட்டாளே என்றார்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வாய்க்குள் பிஸ்மில்லா சொன்னது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஜமீலா லாத்தா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அக்கா, என்னடி அது ஊதா நிறத்தில் என்றார்.

“மாட்டு மருந்து லாத்தா. இனிமே வேலைக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டுக் குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளினாள்.

அதற்குப் பிறகு நான் போன ஊர்களிலெல்லாம் இதைச் சொல்லிவந்தேன். சில வீடுகளில் நீலம் வாங்கினார்கள், சில வீடுகளில் மஞ்சள் கரைத்தார்கள். நீங்களும் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு முன்னால், இந்தப் பாலை இப்போது எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பதில் வேறாக இருக்கும், நம்மால் ஊகிக்கவே முடியாது. தடுப்பூசி போடும்போது கேளுங்கள், கன்றின் கொம்புக் குருத்தைச் சுடும்போது கேளுங்கள். கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். கூட்டத்தில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

வெள்ளைச் சுட்டிக்குச் சாயங்காலம் வரை காய்ச்சல் வரவில்லை. மறுநாள் சாணம் கொஞ்சம் கெட்டிப்பட்டது. இளைய பசுவின் நல்ல பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் நான் உள்ளே நுழைந்தபோது அது எழுந்து நின்று ஹாஜாவின் கைலியைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

கன்று பிழைத்தாலும் அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஜமீலாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு கன்றை நம்பி யார் இருப்பார்கள்? விடுமுறை முடிகிற நாள் நெருங்கியபோது நான் அந்தத் தெருப் பக்கம் போவதைக்கூடத் தவிர்த்தேன்.

ஒருநாள் காலை மருந்தகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். கடைத்தெரு வழியாக ஒருவர் இளைய பசுவைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். சபுராளிகள் யாரும் அந்த ஊரில் பகலில் மாடு பிடித்துக்கொண்டு தெருவில் வரமாட்டார்கள், அதனால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஹாஜாதான். பசு பருவத்துக்கு வந்திருக்கிறது, சினை ஊசி போட வேண்டும் என்றார். போட்டேன். கையைக் கழுவிக்கொண்டே, பயணம் என்றைக்கு என்று கேட்டேன்.

அவர் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

“கொட்டில் ராசியில்லன்னு இருந்தா போயிருப்பேன் டாக்டரம்மா. ராசிக்கு நம்ம என்ன பண்ண முடியும்? காரணம் தெரிஞ்சுபோச்சுன்னா செஞ்சு பாக்கலாம்ல.”

அப்புறம் கேட்டார், இன்றைக்குச் சினை பிடித்தால் எப்போது ஈனும் என்று. ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்றேன். விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார்.

“சரி. நான் இருப்பேன். நீங்க அன்னிக்கு லீவு போட்டுடாதீங்க.”